முகங்குப்புற ஒரு வாரம்

புது ஸ்டீல் ஸ்கேல் வளைந்திருக்கிறது என்று சொல்லி ஸ்டோருக்குத் திருப்பி எடுத்துப் போனேன். எங்கள் பட்டறையின் ஸ்டோர் கீப்பர் என் மனைவியின் தம்பி. அத்தானும் மச்சானும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. வீட்டில் பாதியில் விட்ட சண்டையைப் பட்டறையில் முடிக்கலாம், பட்டறையில் விட்டதை வீட்டில் முடிக்கலாம்.

அவன் ஸ்கேலை வாங்கி மட்டக் கல்லின் மேல் வைத்தான். எங்களைப் போன்ற பட்டறைகளில் இப்படி ஒரு கல் இருக்கும். கண்ணாடிபோல் தேய்த்துச் சமமாக்கிய கருங்கல். எது நேர், எது கோணல் என்ற சந்தேகம் வந்தால் கடைசி வார்த்தை அதனுடையதுதான். ஸ்கேலின் இரு முனைகளையும் விரலால் தட்டிப் பார்த்தான்; ஆடவில்லை. குனிந்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தான், கசியவில்லை. எனக்கோ கல்லின் மேலேயே அது வளைந்து கிடந்தது. வேறு கொடு என்றேன். கொடுத்தான். அதுவும் வளைவு. மூன்றாவதையும் கையில் வாங்கிக்கொண்டு, இதையெல்லாம் எங்கேயடா வாங்குகிறாய், பழைய இரும்புக் கடையிலா என்று நான் ஆரம்பித்தபோது அவன் குரலைத் தாழ்த்தினான்.

“அத்தான், மூணும் ஒரே மாதிரி வளையுதுன்னா, வளைஞ்சது ஸ்கேல் இல்ல. வலது கண்ணை மூடிட்டுப் பாருங்க.”

என் இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம். அதை வைத்துப் படிக்க முடியாது. சும்மா துணைக்குக் கூட வருகிற கண். வேலையெல்லாம் வலதுதான் செய்யும். அந்த வலதை மூடினேன். ஸ்கேல் மங்கலாகத் தெரிந்தது, ஆனால் நேராகத் தெரிந்தது. மறுபடி திறந்தேன். எந்த எண்ணைப் பார்க்கிறேனோ அதன் அருகில் கோடுகள் உள்வாங்கி நெளிந்தன, அந்த எண்ணே காணாமல் போனது. பார்வையை நகர்த்தினால் வளைவும் கூடவே நகர்ந்தது.

ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். சண்டையில் ஜெயித்த பிறகும் மச்சான் வாயைத் திறக்காமல் இருந்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைப் பார்க்கிறவனுக்குத் தன் கண்ணிலுள்ள உத்திரம் தெரிவதில்லை என்று இயேசு சொன்னதை ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வருகிறேன். அது பட்டறைப் பேச்சு என்பதால் எனக்கு அதில் ஒரு தனிச் சொந்தம். மரவேலை செய்கிற இடத்தில் கண்ணில் துரும்பு விழுவது தினமும் நடக்கும்; உத்திரம் விழுவது நடக்காது. தச்சராக இருந்த அவர் இதைச் சொன்னபோது கேட்டவர்கள் நிச்சயம் சிரித்திருப்பார்கள். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்காமலே இருந்தது. உத்திரம் அவ்வளவு பெரிது, அது கண்ணில் இருப்பது ஒருவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? அன்று ஸ்டோரில் விளங்கியது. கண்ணில் இருக்கிற கோளாறு கண்ணில் இருப்பதாகத் தெரியாது. எதிரே இருப்பதில்தான் தெரியும். ஸ்கேலில் தெரியும், ஸ்கேலைக் கொடுத்த மச்சானிடம் தெரியும், அவன் சாமான் வாங்குகிற கடையில் தெரியும்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் எடுத்துக் காட்டினார். கண்ணின் பின்சுவரில் ஒரு மெல்லிய திரை இருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் அதன்மேல்தான் படமாக விழுகிறது. திரையின் நடுப்புள்ளி சின்னதுதான், ஆனால் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், ஒரு முகத்தை இன்னார் என்று அறிவதும் அதன் வேலை. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் வயதாக ஆகச் சுருங்கித் திரையைவிட்டு விலகும். பெரும்பாலோருக்குச் சத்தமில்லாமல் விலகிவிடும். எனக்கு விலகும்போது நடுப்புள்ளியைப் பிடித்து இழுத்து ஓட்டை போட்டுவிட்டது. ஓட்டையின் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நான் கடைசல் பிடிக்கிற லேத்தில் அந்த அளவு பிழை விட்டால் துண்டைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு துண்டு எடுப்பேன். கண்ணுக்கு வேறு துண்டு கிடையாது.

ஓட்டையைத் தைக்க முடியாது என்றார். கூழை எடுத்துவிட்டு, இழுக்கிற மெல்லிய தோலை உரித்துவிட்டு, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைப்பார்களாம். மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு மடக்குக் குடித்து மூடியைத் திருகி, அதை என் முன்னால் பல விதமாகப் புரட்டினார். எப்படித் திருப்பினாலும் உள்ளேயிருந்த குமிழ் மேலே போய் நின்றது.

“குமிழ் எப்பவும் மேலதான் போகும். ஓட்டை இருக்கிறது கண்ணோட பின்பக்கம். பின்பக்கம் மேல வரணும்னா முகம் எங்க இருக்கணும்?”

“கீழ,” என்றேன்.

“அவ்வளவுதான். ஆபரேஷன் என் வேலை. குப்புறக் கிடக்கிறது உங்க வேலை. ஒரு வாரம்.”

நான் விடாமல் கேள்வி கேட்கிற ஆள். அவரும் சலிக்காமல் சொன்னார். குமிழ் எதையும் ஒட்டுவதில்லை. ஓட்டையின் விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து அழுத்தி, நடுவில் நீர் புகாமல் காய்ந்த நிலையில் வைத்திருக்கிறது. இடைவெளியை அடைப்பது திரையிலுள்ள உயிரணுக்கள்தான். அவை மெல்ல ஊர்ந்து கைகோத்துக்கொள்ளும். எங்கள் மொழியில் சொன்னால் குமிழ் ஒரு கிளாம்ப். கிளாம்ப் ஒட்டாது, ஒட்டுகிறது ஒட்டி முடிக்கும்வரை அசையாமல் பிடித்திருக்கும். நடுவில் கிளாம்பைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மூடிவிடும் என்றார். என் மனம் மீதி ஒருவனைத்தான் பிடித்துக்கொண்டது. மூடாவிட்டால் வெர்னியர் அளவுகோலில் கோடு பார்க்க முடியாது. கோடு பார்க்க முடியாத, லேத் ஓட்டுகிற டர்னருக்குப் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிற வேலை கொடுப்பார்கள், அதுவும் இரக்கப்பட்டு. லேத்தின் முன்னால் நின்று சுழல்கிற இரும்பிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் கழன்று விழுவதைப் பார்ப்பதைத் தவிர வேறு எதையும் நான் கற்றுக்கொண்டதுமில்லை, விரும்பியதுமில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஏற்பாடு தயாராக இருந்தது. என் மனைவி தையல்காரி. துணி வெட்டுகிற நீள மேசையைக் காலிசெய்து, அதன்மேல் மெத்தை விரித்து, மேசை விளிம்புக்கு வெளியே என் முகம் வருகிற இடத்தில் ஒரு வளையத் தலையணையைப் பலகையோடு பொருத்தியிருந்தாள். நடுவில் முகம் அளவுக்கு ஓட்டை. நெற்றிக்குத் தடிப்பு, தாடைக்கு மெல்லிசு, மூக்குக்கு இடம். மூக்குக்கு விட்ட இடம் கொஞ்சம் தாராளம் என்றேன். அளவெடுத்துத்தான் வெட்டினேன் என்றாள்.

வலது கண்ணில் கட்டு. இடது கண்ணுக்குத் தெரிந்தது தரை. தரையும் கால்களும். சாப்பிடவும் குளிக்கவும் எழுந்தபோதும் தலையை நிமிர்த்தவில்லை. ஓரிரு நாளில் கால்களை வைத்தே ஆளைச் சொல்லப் பழகிவிட்டேன். முகத்தைப் போலவே கால்களும் பேசுகின்றன, முகத்தைவிட உண்மையாகவே பேசுகின்றன என்று சொல்வேன். நலம் விசாரிக்க வந்த எங்கள் சூப்பர்வைசரின் ஷூ பேசும்போதெல்லாம் வாசல் பக்கம் திரும்பியே நின்றது. மச்சானுடையது பெருவிரல் நீட்டிக்கொண்டிருக்கும் செருப்பு. அவன் யோசிக்கும்போது அந்த விரல் மேலும் கீழும் ஆடும். மனைவியின் கால்கள் நிற்கவே இல்லை. தையல் மெஷினுக்கும் அடுப்புக்கும் எனக்கும் நடுவில் போய்க்கொண்டே இருந்தன. சொட்டு மருந்து விடுகிற நேரத்துக்கு மட்டும் மேசையருகில் மண்டியிட்டு, கட்டை விலக்கி என் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள்.

நல்ல விசுவாசிக்கு இப்படியொரு வாய்ப்புக் கிடைத்தால் ஜெபத்தில் தரித்திருக்க வேண்டும். நான் தரித்திருந்தது கழுத்து வலியில். இருந்தாலும் வேதத்தில் யார் யார் முகங்குப்புற விழுந்தார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க ஆள் கூடிக்கொண்டே போனது. ஜனங்கள் முறுமுறுத்தபோது மோசேயும் ஆரோனும் விழுந்தார்கள். சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில் இயேசுவே அப்படி விழுந்து ஜெபித்தார். ஆபிரகாம் விழுந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த வயதில் உனக்குப் பிள்ளை பிறக்கும் என்று கடவுள் சொன்னபோது அவன் குப்புற விழுந்து, முகத்தைத் தரையில் வைத்தபடியே சிரித்தான். வெளியே பார்ப்பவர்களுக்குப் பயபக்தி, உள்ளே சிரிப்பு. அந்த நிலையில் அது எவ்வளவு வசதி என்பது கிடந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இதை மச்சானிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. மறுநாள் அவன் ஒரு வசனத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். யோசுவா தோல்வியில் துவண்டு குப்புற விழுந்து கிடந்தபோது, எழுந்திரு, ஏன் இப்படி விழுந்து கிடக்கிறாய் என்று ஆண்டவர் அதட்டுகிற இடத்தை, என் தலைமாட்டில் நின்று ஆலயத்தில் வாசிக்கிற குரலில் வாசித்தான். பெருவிரல் ஆடியது.

“டேய், அது யோசுவாவுக்கு ஆண்டவர் சொன்னது,” என்றாள் என் மனைவி மெஷினை நிறுத்தாமல். “உங்க அத்தானுக்கு டாக்டரம்மா இன்னும் சொல்லல.”

வாரத்தின் நடுவில் போதகர் வந்தார். எங்கள் சபைக்கு வந்து சில மாதங்களே ஆனவர். என்னைவிட இளையவர், நல்ல கனத்த உடம்பு. அவர் உட்கார்ந்தால் அவர் வாய் திறப்பதற்குமுன் நாற்காலி பேசிவிடும். கூடச் சபையார் சிலரும் வந்திருந்தார்கள். இரண்டு பாட்டுப் பாடினார்கள், ஒரு பகுதி வாசித்தார்கள், ஜெபித்தார்கள். கடைசியில் போதகர் எழுந்து ஆசீர்வாதம் கூறினார்.

எங்கள் சபையில் ஆசீர்வாதத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கைகளை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை மேலே உயர்த்தி வாங்கிக்கொள்வோம், மழையை வாங்குவதுபோல. யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. தாயின் மடியில் இருக்கும்போதே பார்த்துப் பழகியது. அரைத் தூக்கத்தில் இருக்கும் ஆள்கூட ஆசீர்வாதத்தின் முதல் சொல் காதில் விழுந்தால் முகத்தைத் தூக்கிவிடுவான். இந்தப் போதகருக்கோ இன்னொரு வழக்கம். பொது ஆசீர்வாதத்தோடு நிறுத்தமாட்டார். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், அவரவர் வேலைக்கும், வைத்தியம் பார்த்தவர்களுக்கும் தனித்தனியாகச் சேர்ப்பார்.

ஆமென் என்று சொல்லிக் கண்ணைத் திறந்தேன். மின்விசிறி தெரிந்தது.

மின்விசிறி தெரிகிறது என்றால் என்ன அர்த்தம் என்று விளங்க எனக்கு ஒரு கணம் பிடித்தது. மேசைமேல் முழங்கைகளை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, முகத்தைக் கூரையைப் பார்த்துத் தூக்கியபடி இருந்தேன். “என்னங்க, முகம்,” என்றாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள். நான் அப்படியே சரிந்து ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்தேன். கீழே எல்லாக் கால்களும் நின்ற இடத்தில் நின்றன.

மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். எடுத்த நர்ஸ், இனிமேல் தூக்க வேண்டாம், மூடியதா இல்லையா என்பது செக்கப் அன்று படம் எடுத்தால்தான் தெரியும் என்றார். போனில் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் கேட்டவனுக்கு அது தீர்ப்பு மாதிரி இருந்தது. என் மனக்கண்ணில் அந்த பாட்டில் புரண்டுகொண்டே இருந்தது. முகம் மேலே போனால் குமிழ் முன்பக்கம் ஓடும். பின்பக்கத்தில், அப்போதுதான் ஒட்டத் தொடங்கிய இரண்டு விளிம்புகளுக்கு நடுவே, நீர் புகுந்திருக்கும். ஈரத்தில் பசை பிடிக்காது. பத்துப் பேரில் அந்த ஒருவன் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

அன்று நான் யாரோடும் பேசவில்லை. நம் பேச்சில் முகத்துக்கு எத்தனை வேலை இருக்கிறது என்பது முகமே இல்லாமல் கிடக்கும்போதுதான் தெரிகிறது. முகம் கொடுத்துப் பேசுகிறோம், முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், கோபம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். “பாவம் அத்தான்,” என்றான் மச்சான் அக்காவிடம். “கோவத்துல முகத்தைத் தூக்கி வச்சுக்கக்கூட வழியில்ல.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் செருப்பின் விரலும் ஆடவில்லை என்பதைக் கவனித்தேன்.

மறுநாள் போதகர் தனியாக வந்தார். வாசலில் என் மனைவியிடம் ஏதோ சொன்னார், நாற்காலி வேண்டாம் என்று மறுத்தது கேட்டது. அவர் கால்கள் என் மேசையருகில் வந்து நின்றன. பிறகு முழங்கால்கள் வந்தன. பிறகு ஒரு கை தரையை ஊன்றியது. மூச்சு வாங்குகிற சத்தம், மேசைக் கால் ஒன்று நகர்கிற சத்தம். கடைசியில் என் முகத்துக்கு நேர் கீழே, தரையில் மல்லாந்து படுத்தபடி, போதகரின் முகம் வந்து சேர்ந்தது. இடது கண்ணுக்குக்கூட நன்றாகத் தெரிகிற அருகில். அத்தனை நாளில் சொட்டு மருந்து விடும் மனைவியின் நெற்றியைத் தவிர நான் பார்த்த முதல் முகம் அதுதான்.

“என்னாலதான் அண்ணே,” என்றார்.

இல்லை என்று சொல்ல நினைத்தேன். வந்தது வேறு. அவர் படுத்திருந்ததாலோ என்னவோ, நின்றுகொண்டிருக்கும் போதகரிடம் கேட்க முடியாததைக் கேட்டுவிட்டேன்.

“ஆசீர்வாதம் வாங்கத்தான் ஐயா முகத்தைத் தூக்கினேன். அதனாலயே கண்ணு போயிடுச்சுன்னா, அப்புறம் அந்த ஆசீர்வாதத்துக்கு என்ன அர்த்தம்?”

அவர் உடனே பதில் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கண்ணைச் சிமிட்டிக்கொண்டு மேலே, அதாவது என்னை, பார்த்தபடி கிடந்தார். ஆசாரியர்கள் ஜனங்களை எப்படி ஆசீர்வதிக்க வேண்டும் என்று கடவுள் சொல்லிக்கொடுத்த அந்த வார்த்தைகளை வாய்க்குள்ளேயே ஒரு தடவை ஓட்டினார். பிறகு கேட்டார்.

“அண்ணே, அதுல யாரோட முகம் வருது?”

நானும் சொல்லிப் பார்த்தேன். பல்லாயிரம் தடவை காதில் விழுந்த வார்த்தைகள். அவர் உன்னைக் காப்பார் என்கிறது. அவருடைய முகம் உன்மேல் ஒளி வீசும் என்கிறது. அவர் தம்முடைய முகத்தை உன் பக்கம் திருப்புவார், உனக்குச் சமாதானம் தருவார் என்கிறது. ஒரு வாக்கியத்தின் எழுவாயைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அப்படித் தேடினேன். முகம் இருக்கிறது, இரண்டு தடவை இருக்கிறது. இரண்டும் அவருடையது. நாம் முகத்தை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. தூக்கு என்று இல்லை, தாழ்த்து என்றும் இல்லை.

“திருப்ப வேண்டியது அவர்தான்,” என்றார் போதகர். “நீங்க எந்தப் பக்கம் கிடந்தாலும் அது அவரோட வேலை. நான்கூட இதை இப்பதான் கவனிக்கிறேன். படுத்துக்கிட்டு யோசிச்சா வேற மாதிரிதான் தெரியுது.”

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இத்தனை நாளாகக் கால்களையே பார்த்துக் கிடந்ததால் தோன்றியிருக்க வேண்டும். கடைசி இராப் போஜனத்தன்று இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார். கால் கழுவுகிறவர் காலைவிடத் தாழ்ந்துதான் இருக்க முடியும். தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகும், பாத்திரம் கீழேதான் இருக்கும். அப்படியானால் அந்த நேரத்தில் ஒருவன் அவர் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தால் எங்கே பார்த்திருக்க வேண்டும்? வானத்தைப் பார்த்துப் பயனில்லை. குனிந்து பார்க்க வேண்டும். பேதுரு என் கால்களைக் கழுவவே கூடாது என்று மறுத்தானே, அதற்கு மரியாதை மட்டும் காரணமாக இருந்திருக்காது. மேலே இருக்க வேண்டிய முகம் தன் காலடியில் இருந்ததை அவனால் தாங்க முடியவில்லை.

இதைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். போதகர் படுத்தபடியே தலையை ஆட்டினார்.

“வர்ற ஞாயிற்றுக்கிழமை இதை நான் பேசிடுவேன் அண்ணே. கோவிச்சுக்கமாட்டீங்களே?”

பிறகு, அங்கேயே தரையில் கிடந்தபடி, ஆசீர்வாதத்தை மறுபடி சொன்னார். இந்தத் தடவை எதையும் சேர்க்கவில்லை. அது கீழேயிருந்து மேலே வந்தது. நான் முகத்தை அசைக்காமல் வாங்கிக்கொண்டேன். என் பயம் போய்விடவில்லை. ஓட்டை மூடியிருக்குமா என்பது எனக்கு அப்போதும் தெரியாது. ஆனால் முந்தின நாள் முழுக்க அந்தப் பயத்தின் உள்ளே இன்னொன்று ஒளிந்திருந்தது. ஆசீர்வாதம் வாங்கப் போன இடத்தில் அடிபட்டவனின் மனத்தாங்கல். அது அவிழ்ந்துவிட்டது. அவிழ்ந்ததும் நன்றாகத் தூக்கம் வந்தது.

போதகருக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பக்கம் புரண்டால் மேசைக் கால், மறுபக்கம் தையல் மெஷின். கடைசியில் வேலை முடிந்து வந்த மச்சான் வாசலிலேயே நின்று, நடுவீட்டில் கிடக்கும் போதகரையும் மேலே கிடக்கும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரில் யாரை முதலில் எழுப்புவது என்று அக்காவிடம் கேட்டான். பிறகு அவர் கைகளைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினான்.

செக்கப் அன்று ஆஸ்பத்திரிக்குக் குனிந்த தலையோடு போய்ச் சேர்ந்தேன். கட்டை அவிழ்த்து, தாடையை இயந்திரத்தின் மேல் வைக்கச் சொன்னார்கள். ஒரு சிவப்புக் கோடு கண்ணைத் துழாவிவிட்டுப் போனது. டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் என் மனைவியின் கை என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் பிடித்திருப்பது அவளுக்கே தெரியாது.

“மூடிடுச்சு,” என்றார் டாக்டரம்மா.

பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் ஒரு மேடு நடுவில் அறுந்து, இரண்டு கரையாக நின்றது. புதியதில் கரைகள் சேர்ந்துவிட்டன. நடுவில் ஒரு மெல்லிய பள்ளம், அது எல்லோருக்கும் இருக்க வேண்டிய பள்ளம்தான் என்றார். நான் கையோடு உண்மையைச் சொல்லிவிட்டேன், நடுவில் ஒருநாள் முகத்தை மேலே தூக்கிவிட்டேன் என்று.

எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒரு ஆசீர்வாதம் அளவு என்றேன். அது எத்தனை நிமிஷம் என்று அவருக்குப் புரியவில்லை.

“எங்க போதகரோடதுன்னா கொஞ்சம் அதிகம் டாக்டர்,” என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சாப்பிடவும் குளிக்கவும் எழுந்திருக்கலாம் என்று சொல்லித்தானே அனுப்பினோம், மணிக்கணக்காக மல்லாந்து கிடந்தால்தான் ஆபத்து, அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் ஆகாது என்றார். கிளாம்ப் என்று நான் நினைத்தது அவ்வளவு கறாரான கிளாம்ப் இல்லை. விட்டுப் பிடிக்கவும் இடம் கொடுக்கிற ஒன்று. போனில் பேசிய நர்ஸ் அதைச் சொல்லியிருந்தால் எனக்குப் பாதிப் பயம் குறைந்திருக்கும். போதகரும் தரையில் படுத்திருக்க மாட்டார்.

இனி நிமிர்ந்து நடக்கலாம், மல்லாந்து மட்டும் படுக்க வேண்டாம், விமானத்தில் போக வேண்டாம், குமிழ் முழுசாகக் கரைந்து பார்வை தெளிந்ததும் லேத்துக்குப் போகலாம் என்றார். விமானத்தில் போகிற யோசனை எங்களுக்கு இருக்கவில்லை. குமிழை யார் வெளியே எடுப்பார்கள் என்று கேட்டேன். யாரும் எடுக்க வேண்டாமாம். அது தானாகக் கரைந்து இரத்தத்தில் கலந்து மூச்சு வழியாக வெளியே போய்விடும். காலியாகிற இடத்தைக் கண் தானே ஊறி நிரப்பிக்கொள்ளும். அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்றேன். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்.

வெளியே ஆஸ்பத்திரியின் நீண்ட நடைக்கூடத்தில் நிமிர்ந்து நடந்தேன். வலது கண்ணில் ஒரு நீர்மட்டக் கோடு தெரிந்தது. நான் அடி வைக்கும்போதெல்லாம் அது தளும்பியது. கோட்டுக்கு மேலே கொஞ்சம் தெளிவு, கீழே எல்லாம் கலங்கல். குமிழ் கண்ணின் மேல்பாகத்தில்தான் நிற்கிறது, ஆனால் கண் படத்தைத் தலைகீழாக எடுப்பதால் அது கீழே இருப்பதுபோல் தெரியும் என்று என் மனைவிக்கு விளக்க ஆரம்பித்தேன். பாட்டில் ஒன்று கையில் இருந்தால் காட்டிவிடலாம். திரும்பினால் அவள் பக்கத்தில் இல்லை.

பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கால்களை நீட்டியிருந்தாள். ஒரு வாரமாக நிற்காத கால்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகிறாளோ என்று நினைத்தேன், அழவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“இந்த வாரம் முழுக்க நான் ஒரு தடவைகூட ஒழுங்கா ஜெபம் பண்ணலங்க. உட்காரவே நேரம் கிடைக்கல.”

“இப்பப் பண்ணேன்.”

“இப்பப் பசிக்குது.”

காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின இரவும் சாப்பிட்டாளா என்பது தெரியவில்லை. நான் பார்த்தது அவள் கால்களைத்தான், தட்டை அல்ல. யவீரு என்பவனின் மகளை இயேசு உயிரோடு எழுப்பிய இடம் எனக்கு நினைவுக்கு வந்தது. பெண் எழுந்து நடக்கிறாள், வீட்டில் எல்லோரும் வாயடைத்து நிற்கிறார்கள். அப்போது அவர் அவர்களை மண்டியிடச் சொல்லவில்லை. இவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். அற்புதம் நடந்த வீட்டில் அடுப்பை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“எழுந்திரு,” என்றேன். “கேன்டீன் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். வாசனை வருது.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். தளும்புகிற கண்ணோடு நான் வழிகாட்ட, ஒரு தப்பான கதவைத் திறந்து, மன்னிப்புக் கேட்டு மூடிவிட்டு, கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரொட்டியும் முட்டையும் சூடாக இருந்தன. அவள் முதல் தட்டை முடித்துவிட்டு என் தட்டைப் பார்த்தாள். அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.